அங்குலத்தைப் பிறகு பேசலாம்

இன்னோவாவையோ எர்டிகாவையோ கொண்டுவந்து நிறுத்தும் வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்ததும் கூரைத் திரையைப் பற்றிக் கேட்பது, "எத்தனை இன்ச் வரைக்கும் இருக்கு?" என்றுதான். நாமும் 9, 10.1, 13.3, 15.6, 17.3 என்று அடுக்கி, ஷோகேஸில் ஓடிக்கொண்டிருக்கும் பெரிய திரையைக் காட்டி விலை பேசத் தொடங்கிவிடுகிறோம். வெளியே நிற்கும் வண்டியின் கூரையை அதுவரை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். நம் தொழிலில் மாற வேண்டியது இந்த வரிசைதான். கூரைக்குள் என்ன இருக்கிறது, திருகு எங்கே பிடிக்கும், ஓட்டுநரின் கண்ணாடியில் எவ்வளவு மறையும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு அங்குலத்தைப் பேசலாம்.

1999 வாக்கில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் சில்லவெட் பிரீமியர் என்ற மினிவேன், கூரையிலிருந்து மடிந்து இறங்கும் திரையோடும் வீடியோ கேசட் பிளேயரோடும் தொழிற்சாலையிலிருந்தே வந்தது. 2022இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் கூரையிலிருந்து இறங்குவது 31.3 அங்குலத் திரை. இப்படிப்பட்ட வண்டிகளில் திரைக்கான பிடிமானமும் வயர் போகும் வழியும் கூரையை வடிவமைக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. நமக்கு வருவதோ திரையை எண்ணிப் பார்க்காமல் கட்டிய கூரை. அதற்குள் நாம் இடம் தேட வேண்டும்.

அந்த இடமும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. பத்து வருடங்களுக்கு முன் பெரும்பாலான வண்டிகளில் ரூஃப் லைனருக்குள் ரூம் லைட் வயரும் ஏசி டக்ட்டும்தான் இருக்கும். இப்போது கதவுகளுக்கு மேலே, முன் பில்லரிலிருந்து பின் பில்லர் வரை, கர்ட்டன் ஏர்பேக் சுருண்டு கிடக்கிறது. ஹூண்டாய் 2023 அக்டோபரில் தன் எல்லா மாடல்களுக்கும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. மற்ற கம்பெனிகளும் அந்த வழியில்தான் போகின்றன. ஒரே மாடலுக்குள்ளும் கூரை மாறும். இன்னோவா கிரிஸ்டாவின் கீழ் வேரியன்ட்களில் 3 ஏர்பேக், மேல் வேரியன்டில் 7. போன வாரம் ஒரு கிரிஸ்டாவுக்குச் செய்தபடியே இந்த வாரம் வந்த கிரிஸ்டாவுக்கும் செய்யலாம் என்று நினைக்கக் கூடாது. பில்லர் டிரிம்மில் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளிப் ரிமூவரைக் கையில் எடுக்க வேண்டும்.

முத்திரை இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டாவின் சர்வீஸ் முறைப்படி குறைந்தது 90 விநாடி. மற்ற கம்பெனிகளுக்கு இது வேறுபடும், அந்தந்த மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரைக்குப் போகும் வயர் ஏர்பேக்குக்குப் பின்பக்கமாகப் போக வேண்டும். ஏர்பேக்குக்குக் குறுக்கே போனால், அது விரியும் நொடியில் வயர் தடுக்கும், அல்லது வயரே பயணியின் முகத்தில் வந்து அறையும். ஏர்பேக்கின் பிராக்கெட்டிலோ மஞ்சள் கப்ளரிலோ கேபிள் டை போடவே கூடாது. பில்லர் டிரிம்மைக் கழற்றும்போது ஒரு முறை மட்டுமே பயன்படும் கிளிப்புகள் வரும். அவற்றைப் பழையபடி அழுத்தி வைத்து அனுப்பினால், ஏர்பேக் விரியும்போது டிரிம்மே தெறிக்கும். புது கிளிப்பின் விலையை எஸ்டிமேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது பிடிமானம். கேட்டால் நம்மில் பலர் "நல்லா டைட் பண்ணியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் வேலை இது. ரூஃப் லைனர் என்பது துணி ஒட்டிய வார்ப்பு அட்டை, எடையைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. எடையைத் தாங்கக்கூடியது கூரையின் உள்பக்கம் இடமும் வலமுமாகப் போகும் குறுக்குச் சட்டம். 3 கிலோ திரையும் பிராக்கெட்டும் வைத்துக்கொள்வோம். மோதலில் வண்டியின் வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருபது மடங்கு வீதத்தில் குறைந்தால், அந்தத் திருகுகளை இழுப்பது ஏறத்தாழ 60 கிலோ விசை. லைனரில் மட்டும் பிடித்த திருகு அப்போது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. திரை பறந்துபோய் நிற்கும் இடம் முன்சீட்டில் இருப்பவரின் தலை.

அதனால் லைனரை இறக்கித்தான் வேலை செய்ய வேண்டும். சன்வைசர், கைப்பிடி, ரூம் லைட், பில்லர் டிரிம் எல்லாவற்றையும் கழற்றினால் லைனரைச் சட்டம் தெரியும் அளவுக்காவது தாழ்த்தலாம். சட்டத்துக்கும் லைனருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்து, அதே கனத்துக்கு அலுமினியம் ஸ்பேசர் வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்பேசர் இல்லாமல் முறுக்கினால் லைனர் உள்வாங்கி, திரையைச் சுற்றிப் பள்ளம் விழும். நாலைந்து மாதத்தில் திருகு தளர்ந்து, மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம் வரும். பிளைவுட் துண்டை வைத்து ஒப்பேற்றுவது நம் ஊர்ப் பழக்கம். ஈரத்திலும் அதிர்விலும் அது நிலைக்காது, விட்டுவிடலாம். சட்டத்தின் தகடு மெலிசாக இருப்பதால் செல்ஃப் டேப்பிங் திருகை நம்பாமல், ரிவ்நட் போட்டு போல்ட் முறுக்குவதே சரி.

துளை போடும்போது பிட்டில் ஸ்டாப்பர் காலர் கட்டாயம். சட்டத்துக்கு மேலே விரல் கனம்கூட இல்லாத இடைவெளி விட்டு வெளிக்கூரைத் தகடு இருக்கிறது. பிட் ஒரு நூல் அதிகமாக இறங்கினாலே மேலே கொப்புளம் போல் ஒரு புடைப்பு எழும். வண்டியைக் கழுவும்போது கையில் தட்டுப்படும், பெயின்ட் விரியும், முதல் மழையில் துரு பிடிக்கும். போல்ட்டின் நீளத்துக்கும் இதே கணக்குதான். பேஸ் பிளேட், லைனர், ஸ்பேசர், சட்டம் எல்லாவற்றின் கனத்தையும் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் வரும் போல்ட் எல்லா வண்டிக்கும் பொருந்தாது.

இதற்குப் பிறகுதான் அளவு. ஓட்டுநரைத் தன் சீட்டில், தான் ஓட்டும் உயரத்தில் உட்கார வையுங்கள். திரையின் அளவுக்கு வெட்டிய அட்டையை, அது தொங்கப்போகும் இடத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். உள் கண்ணாடியில் பின் கிளாஸ் எவ்வளவு தெரிகிறது என்று ஓட்டுநரே சொல்லட்டும். ஐந்து நிமிட வேலை இது. 15.6 அங்குலம் கேட்டு வந்தவர் தானாகவே 10.1க்கு இறங்கிவருவார். பெரியதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்குப் பின் கேமராவோடு இணைந்த டிஜிட்டல் கண்ணாடியையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அதற்கும் மனமில்லையென்றால் அந்த ஆர்டரை விட்டுவிடலாம். இரவில் ஒளிரும் திரையின் பிம்பம் முன் கிளாஸில் விழுவதையும் கவனிக்க வேண்டும். இல்யூமினேஷன் வயரை இணைத்து, ஹெட்லைட் போட்டதும் வெளிச்சம் தானாகக் குறையும்படி செய்தால் பாதித் தொல்லை தீரும். எழுந்து மூன்றாம் வரிசைக்குப் போகும் பெரியவர் தலையை இடித்துக்கொள்வாரா என்பதை, வீட்டார் அனைவரையும் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

பனோரமிக் சன்ரூஃப் உள்ள வண்டிக்குக் கூரைத் திரை வேண்டாம். சட்டம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கே கண்ணாடியும் ரெயிலும்தான் இருக்கும். சீட்டின் முதுகில் பொருத்தும் திரையைக் காட்டலாம்.

மின்சாரத்தில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒன்றுதான், ஏசிசி லைனைத் தேடச் சோம்பல்பட்டு நேரடி சப்ளையில் கொடுத்துவிடுவது. ஆண்ட்ராய்ட் திரை முழுதாக அணையாமல் 250 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் அவர் போகும். வெளியூர் போன வீட்டுக்காரர் ஒரு வாரம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால், 45 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. வண்டியை ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் அணைத்து, வண்டியைப் பூட்டி, கன்ட்ரோல் யூனிட்கள் உறங்கும்வரை பொறுத்திருந்து, நெகட்டிவ் லைனில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் வேலை முடியவில்லை என்று பொருள். 24 வாட் திரைக்கு 2 ஆம்பியர் போதும், 3 ஆம்பியர் ஃபியூஸ் போடலாம். கையில் இருக்கிறது என்பதற்காக 15 போடுவது வயரை ஃபியூஸ் ஆக்குவதற்குச் சமம். வண்டியின் ஹார்னஸைச் சீவி டேப் சுற்றாமல் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஃபியூஸ் டேப் வழியாக எடுங்கள். வாரன்ட்டி தகராறு வராது.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. காரின் சாதாரண யுஎஸ்பி போர்ட் தருவது பெரும்பாலும் அரை ஆம்பியர். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். கிடைக்காவிட்டால் அது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், வாடிக்கையாளர் திரையைக் குறை சொல்வார். மலிவான ஆண்ட்ராய்ட் திரைகளில் வைட்வைன் எல்1 இருக்காது, நெட்ஃப்ளிக்ஸ் 480பி-க்கு மேல் ஏறாது. "ஃபுல் ஹெச்டி" என்று அட்டையில் போட்டிருப்பதை வைத்து விற்பவர் இதையும் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். மே மாத வெயிலில் நிறுத்திய வண்டியின் கூரை கொதிக்கும். 70 டிகிரி வரை தாங்கும் என்று எழுதியிருக்கும் கார் திரையையே வாங்குங்கள். லித்தியம் பேட்டரி உள்ள டேப்லெட்டைக் கூரையில் மாட்டக் கேட்பவர்களுக்கு மறுப்பு ஒன்றுதான் பதில்.

மடியில் ஃபோனைக் குனிந்து பார்க்கும் குழந்தைக்கு வரும் குமட்டல், கண்மட்டத்தில் இருக்கும் திரையில் குறைவு. பாதையும் கண்ணோரத்தில் தெரிந்துகொண்டிருப்பதுதான் காரணம். ஆனாலும் வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் திரையை அணைத்துவைக்கச் சொல்வது நல்லது.

கடைசியாக பில். பெரும்பாலான பில்லில் "ரூஃப் மானிட்டர் ஃபிட்டிங்" என்ற ஒரு வரிதான் இருக்கிறது. எந்தச் சட்டத்தில் பிடித்தோம், எத்தனை போல்ட், வயர் எந்தப் பில்லர் வழியாக இறங்குகிறது, எந்த ஃபியூஸிலிருந்து எத்தனை ஆம்பியர் எடுத்தோம், லைனரை இறக்கியபோது எடுத்த இரண்டு படங்கள் எல்லாம் அதோடு போக வேண்டும். ஒரு நாள் வண்டி இடிபட்டு பாடி ஷாப்புக்குப் போகும், அல்லது விற்கப்பட்டு வேறு ஊர் எலக்ட்ரீஷியனிடம் போகும். அந்தக் கூரையை அடுத்துத் திறப்பவர் ஏர்பேக்கின் அருகே கையை விடுவதற்கு முன் அந்தத் தாளைத்தான் தேடுவார்.