நீரிணை அடைபட்டால் முதலில் வலி யாருக்கு?

1941 டிசம்பர் 11. ஜார்ஜ்டவுன் வானத்தில் விமானங்கள் வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை. பிரிட்டிஷ் விமானங்கள் என்று நினைத்து வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்தார்கள். வந்தவை ஜப்பானிய விமானங்கள். கடைத்தெருக்களில் விழுந்த குண்டுகளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒரே கணக்கு இல்லை. நூற்றுக்கணக்கில் என்பவர்களும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டும் என்பவர்களும் உண்டு.

அடுத்து நடந்ததுதான் பினாங்கு மக்கள் நீண்ட காலம் மறக்காதது. சில நாள்களுக்குள் ஐரோப்பியப் பெண்களும் பிள்ளைகளும் சத்தமில்லாமல் தீவைவிட்டு அனுப்பப்பட்டார்கள். 16ஆம் தேதி இரவு அதிகாரிகளும் படையினரும் கிளம்பிவிட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் யாருக்கும் சொல்லவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் ஒரு பத்திரிகைக்காரர்: ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியர், இலங்கையில் பிறந்த தமிழர் எம். சரவணமுத்து. சண்டை போட இங்கே யாரும் இல்லை, இனியும் குண்டு போடாதீர்கள் என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை. 19ஆம் தேதி ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. அதுவரை ஊரைக் கவனித்துக்கொண்டது, ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து அமைத்த ஒரு சேவைக் குழு. அதன் தலைவரும் அவரே.

அணு ஆயுதம், போர்க்கப்பல், கடல் பாதுகாப்பு என்ற செய்திகள் வரும்போது நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வாஷிங்டனும் பெய்ஜிங்கும் மாஸ்கோவும் பார்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்ற நினைப்பு. பினாங்கில் இருந்துகொண்டு அப்படி நினைக்க முடியாது என்பதற்கு 1941 முதல் சான்று. இரண்டாவது சான்று தோட்டப்புறத்தில் இருக்கிறது.

சயாம் மரண ரயில் பற்றிக் கேள்விப்படாத தோட்டக் குடும்பம் குறைவு. தாத்தா போனார், திரும்பவில்லை என்பதோடு பல வீடுகளில் அந்தக் கதை நின்றுவிடும். அந்த ரயில்பாதை ஏன் தேவைப்பட்டது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. காரணம் கடல். பர்மாவில் இருந்த தன் படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப ஜப்பானுக்கு இருந்த வழி, சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக ரங்கூன் போகும் கப்பல் பாதை. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்கள் அந்தப் பாதையை ஆபத்தாக்கின. 1944 ஜனவரியில் ‘குமா’ என்ற ஜப்பானியப் போர்க்கப்பலைப் பினாங்குக்கு அருகிலேயே ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. இப்படி நேரும் என்ற அச்சத்தில்தான் அதற்கு முன்பே, 1942 ஜூனில், 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு ஜப்பான் கைவைத்தது. கடலில் போக முடியாததைத் தரையில் கொண்டுபோக ஆள் வேண்டும். ஆள் இருந்த இடம் மலாயாத் தோட்டங்கள். ஏற்றுமதி நின்று, ரப்பர் விலைபோகாமல், வேலையில்லாமல் கிடந்தவர்கள் நம்மவர்கள்.

மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று முதலில் ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். மலாயாவிலிருந்து போன தொழிலாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல், அதில் பெரும்பாலோர் தமிழர். பதிவேடுகளின்படியே இறந்தவர்கள் ஏறக்குறைய 30,000 பேர். உண்மைத் தொகை அதைவிடக் கூடுதல் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. காலராவில் போனவர்களையும் காட்டுக்குள் ஓடி மறைந்தவர்களையும் யார் எண்ணினார்கள்? அந்தத் தலைமுறைத் தோட்டத் தமிழர் பலர் கடலைப் பார்த்ததே கப்பலேறி வந்த அன்று மட்டும்தான். அவர்கள் கணக்கைத் தீர்த்தது ஒரு கடல் வழித் தகராறு.

இன்றைக்கு அந்த நீரிணையின் நிலை என்ன? ஆண்டுக்கு 90,000க்கும் அதிகமான கப்பல்கள் கடக்கின்றன. நாளொன்றுக்கு இரண்டு கோடி பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் போகிறது. சிங்கப்பூர் அருகே பிலிப் கால்வாயில் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. சீனாவுக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. 2003இல் அப்போதைய சீன அதிபர் ஹூ ஜிந்தாவ் இதை ‘மலாக்கா சிக்கல்’ என்று குறிப்பிட்டதாகச் சொல்வார்கள். எதிரி இந்த வாசலை அடைத்தால் சீனாவின் மூச்சு அடைபடும் என்பது பொருள். அந்தப் பயம் சீனக் கடற்படை இந்த அளவுக்கு வளர ஒரு காரணம். கப்பல் எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய கடற்படை இன்று அதனுடையது.

வாசலின் மறுபக்கம் இந்தியா. பினாங்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டரில் இருக்கிறது கிரேட் நிக்கோபார் தீவு. அங்கே கேம்பல் பேயில் ‘ஐ.என்.எஸ். பாஸ்’ என்ற கடற்படை விமானத் தளத்தை இந்தியா 2012இல் திறந்தது. நீரிணைக்குள் நுழையும் கப்பல்களை அங்கிருந்து கவனிக்கலாம். அணு ஏவுகணை தாங்கும் நீர்மூழ்கிகளில் இரண்டாவதான ‘அரிகாட்’டை 2024 ஆகஸ்டில் படையில் சேர்த்தது. கடாரம் கொண்டான் என்று ராஜேந்திர சோழனைப் பற்றி நம் மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். 1025இல் அந்தக் கப்பல்கள் வந்தது எந்தக் கரைக்கு? இன்றைய கெடா. அந்தக் கரையில்தான் இப்போது நாம் குடியிருக்கிறோம். கப்பல் அனுப்புகிறவர்களின் கண்ணால் மட்டும் கடலைப் பார்த்தால் இது மறந்துபோகும்.

மூன்றாவது தரப்பு அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சேர்ந்த ‘ஆக்கஸ்’. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இதன்படி ஆஸ்திரேலியாவுக்கு அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிகள் கிடைக்கும். இவற்றில் அணுகுண்டு இருக்காது, இயந்திரம் மட்டுமே அணுசக்தி. ஆனாலும் இந்த வட்டாரத்தில் ஆயுதப் போட்டியை இது தூண்டிவிடும் என்று அப்போதைய நம் பிரதமர் இஸ்மாயில் சப்ரி கவலை தெரிவித்தார். அவர் சொன்னது வெறும் சம்பிரதாயப் பேச்சு அல்ல. ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனமான ‘சிப்ரி’ கணக்கின்படி 2023 தொடக்கத்தில் சீனாவிடம் இருந்த அணுகுண்டு முனைகள் 410, 2025 தொடக்கத்தில் குறைந்தது 600. உலகில் மொத்தம் 12,241. பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் உள்ளது. அந்த இரண்டுக்கும் உச்சவரம்பு போட்டிருந்த கடைசி ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026 பிப்ரவரி 5.

இந்தச் சூழலில் நம்மைக் காக்கும் என்று சொல்லப்படும் காகிதங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, பட்டர்வொர்த்தில் நம் கண்முன் இருப்பது. 1971 நவம்பரில் மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்து செய்த ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. அதன் வான் தற்காப்புத் தலைமையகம் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருக்கிறது. தளம் 1988இல் நம் ஆகாயப் படையின் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆஸ்திரேலியத் தரைப்படைக் குழு ஒன்று முறைவைத்து வந்துபோகிறது. ‘ஆப்பரேஷன் கேட்வே’ என்ற பெயரில் 1980களின் தொடக்கம் முதல் ஆஸ்திரேலியக் கடல் கண்காணிப்பு விமானங்கள் இங்கிருந்து பறக்கின்றன. அன்று தேடியது சோவியத் கப்பல்களை. இன்று ஆஸ்திரேலியக் கண்காணிப்பு விமானங்கள் தென் சீனக் கடல்மேல் பறக்கும்போது சீனா முகம் சுளிக்கிறது. சரி, நம்மை யாராவது தாக்கினால் மற்ற நான்கு நாடுகள் என்ன செய்யக் கடமைப்பட்டவை? உடனே கலந்தாலோசிக்க. அவ்வளவுதான். சண்டைக்கு வந்தே ஆக வேண்டும் என்ற வாசகம் அதில் இல்லை. இந்த ஏற்பாடு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கூட்டுப் பயிற்சிகளால் நம் படைக்கு நிறைய லாபம் உண்டு. ஆனால் ஆலோசனைக்கும் காவலுக்கும் உள்ள தூரத்தைப் பினாங்குக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது காகிதம், தென்கிழக்காசியாவை அணு ஆயுதமற்ற வட்டாரமாக அறிவித்த பேங்காக் ஒப்பந்தம். 1995 டிசம்பரில் கையெழுத்தாகி 1997 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. அணுகுண்டு இல்லாத நாடுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டன. குண்டு வைத்திருக்கும் ஐந்து வல்லரசுகளுக்காகத் தயாரித்த துணை உடன்படிக்கையில் 2025 நடுப்பகுதி வரை ஒன்றுகூடக் கையெழுத்துப் போடவில்லை. கரையை ஒட்டிய கடல் மட்டுமல்ல, 200 கடல் மைல் பொருளாதாரக் கடலும் இந்த வட்டாரத்துக்குள் அடங்கும் என்கிறது ஒப்பந்தம். தங்கள் கப்பல்களுக்குக் கடிவாளம் போட வல்லரசுகளுக்கு மனம் வரவில்லை. 2025 ஜூலையில், மலேசியா ஆசியானுக்குத் தலைமை வகித்தபோது, சீனா கையெழுத்திடத் தயார் என்று வெளியுறவு அமைச்சர் முகமட் ஹசான் தெரிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் ஒருவர் போட்டு மற்றவர்கள் போடாவிட்டால் அது பாதிக் கதவு.

கையெழுத்து வந்தாலும் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஐ.நா. கடல் சட்டப்படி மலாக்கா போன்ற அனைத்துலக நீரிணையில் கடந்துபோகும் கப்பலைக் கரையோர நாடு தடுக்க முடியாது. போர்க்கப்பலுக்கும் அந்த உரிமை உண்டு. உள்ளே அணுகுண்டு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்றும் சொல்லமாட்டோம், இல்லை என்றும் சொல்லமாட்டோம் என்பது அமெரிக்காவின் பல ஆண்டுக் கொள்கை. கரையோரத்தில் மீன்பிடிக்கும் ஒருவருக்குத் தன் கடலில் எது போகிறது என்று கேட்க நடைமுறையில் வழி இல்லை.

அப்படியானால் நம் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தை மலாக்கா நீரிணையைப் போர் ஆபத்துப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. கடற்கொள்ளை காரணம். பட்டியலில் இருந்தால் கப்பலுக்குக் காப்புறுதிக் கட்டணம் ஏறும், அது கடைசியில் கடைச் சாமானின் விலையில் வந்து நிற்கும். முந்திய ஆண்டே மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் கடற்படைகள் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கியிருந்தன. 2005இல் வான் ரோந்தும் சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் நீரிணை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வெளிநாட்டுக் கப்பல் காவலுக்கு வரட்டுமா என்ற பேச்சு எழுந்தபோது வேண்டாம் என்று சொல்ல முடிந்ததும், நம் கப்பல் கடலில் இருந்ததால்தான். இந்த விவகாரம் முழுவதிலும் நமக்கு நம்பிக்கை தரும் பகுதி இதுவே.

அதனால்தான் லுமுட் விவகாரம் கூடுதலாகக் கோபமூட்டுகிறது. பினாங்கிலிருந்து சில மணி நேரத் தூரத்தில் கட்ட வேண்டிய ஆறு கடலோரப் போர்க்கப்பல்கள், 9 பில்லியன் வெள்ளி குத்தகை. முதல் கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 6.08 பில்லியன் வெள்ளி கொடுத்தும் ஒன்றுகூட முடியவில்லை என்று 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டது. பிறகு எண்ணிக்கை ஐந்தாகக் குறைந்தது, செலவு 11.2 பில்லியனாக ஏறியது. இடையில், 2021 மே 31 அன்று சரவாக்கை நெருங்கிப் பறந்த 16 சீன ராணுவ விமானங்களை லபுவானிலிருந்து போன நம் ஜெட் விமானங்கள் போய்ப் பார்த்தன. பிறர் நம் எல்லையைச் சோதிக்கும் காலத்தில் நம் கப்பல் கட்டும் தளத்தில் பணம்தான் கரைந்துகொண்டிருந்தது. இதை ஊழல் செய்தியாக மட்டும் படித்தோம். பாதுகாப்புச் செய்தியாகவும் படித்திருக்க வேண்டும்.

கடைசியாக அரிசி. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு தின்ற கதையைத் தாத்தா பாட்டி சொல்லாத வீடு இல்லை. போருக்கு முன் மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல் நின்றதும் கிழங்கு வந்தது. இன்றும் நாம் உண்பதில் கணிசமான பங்கு இறக்குமதிதான். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் முதல் நாளே பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு உயர்த்தியது. மலிவான உள்நாட்டு அரிசி கடை அடுக்குகளிலிருந்து காணாமல் போனது நினைவிருக்கும். ஒரு குண்டும் வெடிக்காமல், ஒரு கப்பலும் மூழ்காமல், ஓர் அரசாங்கத்தின் ஓர் அறிவிப்பால் நடந்தது இது.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் வழக்கமாகக் கேட்பது தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம், வீடு. அவை கேட்க வேண்டியவையே. கூடவே மூன்று கேள்விகள்: லுமுட்டில் கட்டும் கப்பல்கள் கடலுக்கு வரும் தேதி என்ன? பட்டர்வொர்த் தளத்திலிருந்து அயல்நாட்டு விமானங்கள் செய்யும் வேலை நாடாளுமன்றத்துக்கு எவ்வளவு தெரியும்? நீரிணையில் கப்பல் நின்றால் பினாங்குத் தீவுக்கு எத்தனை நாளுக்கு அரிசி கையிருப்பு இருக்கிறது?