அளவுகோல் முதலில், அளப்பது பிறகு

அமெரிக்காவில் 2000-ம் ஆண்டு நடந்த ஜனாதிபதித் தேர்தல், ஒரு காகிதத்தின் அமைப்பு எத்தனை பெரிய காரியத்தைச் செய்துவிடும் என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டியது. ப்ளோரிடா ராஜ்யத்தின் பாம் பீச் ஜில்லாவில், முதியவர்கள் சிரமமின்றிப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்துடன் வோட்டுச் சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். இடம் போதவில்லை. ஆகவே, அபேட்சகர்களின் பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவில் வைத்தார்கள். இடப் பக்கத்தில் இரண்டாவதாக இருந்தது அல் கோரின் பெயர். இரண்டாவது துளையோ வலப் பக்கத்திலிருந்த பாட் புக்கானனுக்கு உரியது! ஜார்ஜ் புஷ் அந்த ராஜ்யத்தில் வென்றது வெறும் 537 வோட்டு வித்தியாசத்தில்தான். அந்த வெற்றியே அவரை ஜனாதிபதியாக்கியது.

சீட்டின் அமைப்பினால்தான் தவறு நேர்ந்தது என்று சொல்வது சுலபம், நிரூபிப்பது எப்படி? அதே ஜில்லாவில் தபால் மூலம் வோட்டளித்தவர்களுக்கு இந்த இரு பக்கச் சீட்டு இல்லை. புக்கானனுக்குத் தபாலில் கிடைத்த விகிதத்தைப்போல் நான்கு மடங்கு, தேர்தல் நாளன்று கிடைத்திருந்தது. தபாலில் வோட்டளிப்பவர்கள் வேறு ரகம் என்ற ஆட்சேபம் எழலாம். அதனால் மற்ற ஜில்லாக்களின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டெமாக்ரடிக் கட்சி ஆதரவாளர்கள் 2,000 பேருக்கு மேல் தவறுதலாகப் புக்கானனுக்கு வோட்டளித்துவிட்டனர் என்று 2001-ல் ஆராய்ச்சியாளர்கள் முடிவு கூறினர். ஆனால், போன வோட்டு போனதுதான்.

இன்று துளையிடும் சீட்டின் இடத்தைக் கைபேசித் திரை பிடித்துக்கொண்டிருக்கிறது. பணம் அனுப்புவதும் டிக்கெட் வாங்குவதும் அதில்தான். இரு விதமாகத் திரையை அமைத்து, எது நல்லது என்று மக்களிடம் சோதித்துப் பார்க்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. இது வரவேற்கத் தக்கதே. ஆனால், சோதனைக் கணக்கைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சோதிக்காமல் இருப்பதைவிட மோசம். அறியாமைக்கு அது விஞ்ஞான முத்திரை குத்திவிடும்.

கேள்வி எதுவோ அதற்கேற்ற கணக்கு வேண்டும். துணியை அளக்கும் கஜக்கோலால் பாலை அளக்க முடியுமா? சரியாகச் செய்தார்களா, தவறினார்களா என்று பேர்களை எண்ணுவதானால், கார்ல் பியர்சன் 1900-ல் வகுத்த கை-ஸ்கொயர் சோதனை பொருந்தும். சோதனைக்கு வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான் என்றால் அது நம்பத் தக்கதல்ல. அங்கே ரொனால்டு பிஷரின் துல்லியச் சோதனை தேவை. தேநீரில் பாலை முன்னே ஊற்றினார்களா, பின்னே ஊற்றினார்களா என்று ருசித்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியின் கூற்றை வைத்து பிஷர் இதை விளக்கினார். எட்டுக் கோப்பைகளில், பாலை முன்னே ஊற்றிய நான்கையும் குருட்டாம்போக்கில் சரியாகப் பொறுக்க 70-ல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

ஒரே ஆள் இரு திரைகளையும் பயன்படுத்தினால் கணக்கு மறுபடி மாறும். ஒன்றில் தவறி மற்றொன்றில் தேறியவர்களை மட்டும் எண்ணும் மெக்நிமரின் 1947-ம் ஆண்டு முறையே அதற்கு உரியது. எத்தனை வினாடி பிடித்தது என்பதுதான் கேள்வி என்றால், டப்ளின் நகர மதுபானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காஸெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்ட 'டி' சோதனை இருக்கிறது. அதிலும் எச்சரிக்கை தேவை. எல்லோரும் அரை நிமிஷத்தில் முடிக்க, ஒருவர் மட்டும் பத்து நிமிஷம் தடுமாறினால் சராசரியே கெட்டுப்போகும். அப்போது வினாடிகளை விட்டுவிட்டு, யார் முந்தி, யார் பிந்தி என்று வரிசைப்படுத்தி ஒப்பிடுவது மேல்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. கணக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விடையைப் பார்ப்பதற்கு முன்னால். வேண்டிய விடை வரும்வரை சோதனைகளை மாற்றிக்கொண்டே போவது ஆராய்ச்சியல்ல. தராசில் விரல் வைப்பது. உண்மையில் வித்தியாசமே இல்லாத இருபது விஷயங்களை, நூற்றுக்கு ஐந்து தவறு என்ற வரம்பில் தனித்தனியே சோதித்தால், ஏதாவது ஒன்றிலாவது பொய்யான வித்தியாசம் தென்பட நூற்றுக்கு 64 வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் மேலதிகாரியிடம் காட்டி மெச்சிக்கொள்வோர் இல்லாமல் இல்லை.

பாம் பீச்சில் தவறியவர்களுக்குத் தாங்கள் தவறினோம் என்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. திரையின் முன் தடுமாறுகிறவரும், தமக்குத்தான் தெரியவில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார். குற்றம் அவருடைய விரலிலா, திரையிலா என்று தீர்ப்பளிக்க வேண்டியது கணக்கு. அந்தக் கணக்கு நேர்மையாக இருப்பது, அதைப் போடுகிறவரின் கடமை.