பசுமைக்குடிலுக்கு ஹீட்டர் எதற்கு?

2023 பிப்ரவரியில் பிரிட்டனின் சூப்பர் மார்க்கெட்டுகளில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் ரேஷன் வந்தது நினைவிருக்கிறதா? ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் பருவநிலை சரியில்லை, வரத்து குறைந்தது, "ஒருவருக்கு மூன்றுதான்" என்று சில கடைகள் கையை விரித்தன. எரிவாயு விலை ஏறியதால் உள்ளூர் விவசாயிகளும் தங்கள் பெரிய கண்ணாடிக் கூடங்கள் பலவற்றைக் காலியாகப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு, "தோட்டத்தில் ஒரு பசுமைக்குடில், உள்ளே ஒரு ஹீட்டர், வருஷம் முழுக்க நம் வீட்டுத் தக்காளி" என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் கணக்கு தப்பு என்பது என் கட்சி.

முதலில் பணம். இங்கே வீடுகளில் அதிகம் காணப்படுவது ஆறடிக்கு எட்டடி குடில். ஒற்றைக் கண்ணாடிதான். உள்ளே எவ்வளவு சூடு ஏற்றினாலும் அது வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் ஒரு இரவில் 10 மணி நேரம் ஓடினால் 20 யூனிட். பத்து இரவுக்கு 200 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் 50 பவுண்டு. இத்தனைக்கும் அந்தப் பத்து நாளில் ஒரு காய்கூடப் பறித்திருக்க மாட்டீர்கள் :-)

சரி, பணம் இருக்கிறது, செலவு செய்கிறேன் என்பவருக்கு அடுத்த பதில்: வெளிச்சம். டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு, அதிலும் பாதி நாள் மேகமூட்டம். ஜூனில் பதினாறரை மணி நேரம். தக்காளிச் செடிக்குச் சாப்பாடு வெளிச்சம்தான். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் கொடுத்தால் நாற்று வெளிறி, ஒல்லியாக, கொடி மாதிரி நீண்டு சாயும். குளிர்காலத்தில் நமக்குக் குறைவது சூடு மட்டுமல்ல. கடையில் வாங்கும் ஹீட்டரால் பகலை நீட்ட முடியாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பழைய பிரபுக்களின் தோட்டங்கள்தான் ஞாபகம் வருகின்றன. கண்ணாடிக்கு 1845 வரை பிரிட்டனில் வரி இருந்தது. ஆகவே கண்ணாடி வீடு என்பது பணக்காரர் சமாச்சாரம். அங்கே கொதிகலனுக்கு நிலக்கரி போட ராத்திரி விழித்திருக்க ஆட்கள் இருந்தார்கள், அன்னாசி பழுத்தது. வரி போன பிறகுதான் கண்ணாடி சாதாரணக் குடும்பங்களின் கைக்கு வந்தது. கண்ணாடி வந்துவிட்டது, கரி போடும் ஆள் வரவில்லை. அது நல்லதற்கே.

அப்படியானால் சூடில்லாத குடில் என்னதான் செய்யும்? நிறையச் செய்யும். வசந்தத்தில் சில வாரங்களும் இலையுதிர் காலத்தில் சில வாரங்களும் கூடுதலாகத் தரும். காற்றைத் தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல், மழையைத் தடுக்கும். தக்காளியைக் கருக்கும் நோய்க்கிருமி, 1845ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழிக்கத் தொடங்கிய அதேதான். இலை நனைந்து பல மணி நேரம் ஈரமாகவே இருந்தால்தான் அது பற்றும். ஈரமான ஆகஸ்டில் வெளியே நட்ட செடிகள் ஒரே வாரத்தில் கறுத்துப் போகும்போது உள்ளே இருப்பவை பெரும்பாலும் தப்பிப்பது கண்ணாடிக் கூரையால்தான்.

பலர் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. குளிர் தேசக் குடிலிலும் வெயில் செடியைக் கெடுக்கும். மே மாதம் வெளியே 15 டிகிரி இருக்கும் தெளிவான நாளில்கூட, மூடிய குடிலுக்குள் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூ உதிரும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தாலும் காய் பிடிப்பது சிரமம். எனவே காசைக் கூரை ஜன்னலில் போடுங்கள். மெழுகு உருளை வைத்த தானியங்கித் திறப்பான் ஒன்று கிடைக்கிறது. சூட்டில் மெழுகு விரிந்து ஜன்னலைத் தள்ளித் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம்.

சூடு எங்குமே வேண்டாமா என்றால், ஒரு இடத்தில் வேண்டும்: விதைத் தட்டில். மிளகாய் விதை முளைக்க 20 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கு ஒரு முழத் தட்டைச் சூடாக்கினால் போதும், குடில் முழுவதையும் அல்ல. பிப்ரவரி கடைசியில் மிளகாய், மார்ச்சில் தக்காளி என்று வீட்டுக்குள் வெளிச்சமான ஜன்னலோரம் விதைத்து, இரவுகள் 10 டிகிரிக்கு மேல் நிற்கும் மே மாதத்தில் குடிலுக்கு மாற்றினால் செடி நின்று பிடிக்கும்.

ரகத்திலும் பிடிவாதம் கூடாது. செர்ரித் தக்காளி சீக்கிரம் பழுக்கும். உள்ளங்கை அளவு பெரிய ரகங்கள் செப்டம்பரிலும் பச்சையாகவே முறைக்கும். ஹங்கேரியன் ஹாட் வாக்ஸ் மிளகாய் குளிரான கோடையிலும் காய்க்கும். ஹபனேரோ வகைக்கு நீண்ட கோடை வேண்டும். குடைமிளகாய் சிவக்கும் வரை காத்திருந்தால் எண்ணிக்கை குறையும், சிலவற்றைப் பச்சையிலேயே பறித்தால் செடி மேலும் காய்க்கும். ஆகஸ்டில் தக்காளியின் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், இருக்கும் காய்களாவது பழுக்கட்டும். தண்ணீரை ஒரு நாள் வெள்ளமாகவும் நாலு நாள் வறட்சியாகவும் கொடுத்தால் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். தினமும் அளவாக ஊற்றுவதே மருந்து.

"அப்போது பிப்ரவரியில் தக்காளிக்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நேர்மையான பதில்: வீட்டுக் குடில் பிப்ரவரியில் தக்காளி தராது. ரேஷன் வந்த அந்த மாதத்திலும் தந்திருக்காது. ஜூலை முதல் அக்டோபர் வரைதான் தரும். ஆனால் அந்த நான்கு மாதத்தில் மிஞ்சுவதை வேகவைத்து ஃப்ரீசரில் போடலாம், மிளகாயைக் காயவைத்துப் பொடிக்கலாம், கடைசிப் பச்சைக் காய்களை வாழைப்பழத்தோடு ஒரு பெட்டியில் மூடிப் பழுக்க வைக்கலாம்.

நம் பாட்டிமார் வெயில் காலத்தில் வற்றல் போட்டது எதற்காக? மழை மாதத்தில் வெயிலை உண்டாக்க முடியாது என்று தெரிந்ததால்தான். பருவத்தைக் கொஞ்சம் நீட்டிக்கொள்வது தோட்டக்கலை. பருவமே இல்லை என்று காட்ட நினைப்பது மின்கட்டணம் மட்டுமே.