மருந்தின் நாலாம் கூறு

திருக்குறளை மாணவர்க்குப் பாடஞ் சொல்லுகின்ற நம்மவர் பலர், மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தை விரைந்து கடந்துவிடுவர். நயம் எடுத்துக்காட்ட அங்கே இடமில்லை என்பது அவர்கள் எண்ணம். யானும் நெடுங்காலம் அவ்வாறே கடந்தவன். அவ்வதிகாரத்தின் முடிவிலே வள்ளுவர் மருந்தை நாலு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் வைத்தியன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. பக்கத்தே நின்று உதவுபவன் ஒரு கூறு. இந்த நாலாமவனுக்கு உழைச்செல்வான் என்பது பெயர். உழை என்றால் பக்கம். நாம் மருந்தென்று வழங்குவது நாலில் ஒன்றையே. பக்கத்திலிருப்பவனும் மருந்தில் ஒரு கூறு என்பதை யான் ஏட்டிலே படித்தேனேயன்றி உணர்ந்தேனல்லேன். என் தமக்கையார்க்கு வாயிலே புற்றுநோய் கண்டபின்னரே உணர்ந்தேன்.

வெருகலில் அந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்வார் அரியர். "அந்த வருத்தம்" என்பர், குரலைத் தாழ்த்துவர். தமக்கையார்க்கு நாங்கள் "வாய்ப்புண்" என்றே சொன்னோம். மகனும் மருமகளும் யானும் கூடிச் செய்த முடிவு அது. அன்பினாற் செய்ததாகவே கருதியிருந்தோம். ஒரு மாலை அவர் என்னை அருகழைத்து, "தம்பி, எனக்கென்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லாமல் மறைக்கிறதுதான் எனக்குக் கூட நோகுது" என்றார். நாங்கள் அவருக்கு அச்சத்தை மறைத்தோமல்லேம். அச்சத்தோடு தனித்திருக்கச் செய்தோம்.

பெயருக்கு ஏன் இத்துணை நடுக்கம்? கிரேக்கர் இந்நோயை நண்டு என்றனர்; நாம் புற்று என்றோம். உருவம் நோக்கி வைத்த பெயர்களே இரண்டும். இவற்றில் மரணம் என்னும் பொருள் எங்குமில்லை. மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு இன்று அபேக்ஷா என்பது பெயர். அச்சொல் நமக்கும் புதிதன்று. அபேட்சை என்று தமிழில் வழங்குகின்றோம். தேர்தற் காலத்தில் அபேட்சகர் என்று கேட்டுப் பழகியுமிருக்கின்றோம். ஒன்றை நாடி எதிர்பார்த்தல் என்பது அதன் பொருள். பெயரிட்டவர்கள் அறிந்தே இட்டிருக்கின்றனர்.

இரண்டாவது பிழை பத்தியம். நோய் என்றதும் நம் வீடுகளில் முதலிற் பிறப்பது "கூடாது" என்னும் சொல். மீன் கிரந்தி, முட்டை சூடு, வாழைப்பழம் குளிர், பால் சளி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை விலக்க, தமக்கையாரின் தட்டில் எஞ்சியது கஞ்சித் தண்ணீரே. சில கிழமைகளில் அவர் மேனி பாதியாயிற்று. வைத்தியசாலையில் நிறை பார்த்த தாதி, "இவவுக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார். முப்பதாண்டு பாடஞ் சொன்ன எனக்கு மறுமொழி இல்லை.

அளவறிந்து உண்க என்று அவ்வதிகாரம் வற்புறுத்துவது உண்மை. ஆனால் நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணியே செய்க என்றும் அதே அதிகாரம் கூறுகின்றது. முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை மறந்தோம். புற்றுநோயும் அதற்குரிய சிகிச்சையும் உடலின் தசையைக் கரைப்பன. அவ்வேளையில் உடலுக்கு வேண்டுவது குறைப்பன்று, நிறைப்பு. ஒரு நாளில் மூன்று வேளை பெருஞ்சோறு இறங்காதாயின், ஆறு வேளை சிறிது சிறிதாக ஊட்டலாம். குழைந்த சோறு, பருப்பு, நன்றாக அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், பாற்கஞ்சி, கனிந்த வாழைப்பழம், பப்பாசி ஆகியன வாய் நொந்தவர்க்கும் இறங்கும். உறைப்பும் புளியும் கொதிசூடும் புண்ணை எரிக்கும்; அவற்றை மட்டும் விலக்கினாற் போதும். சமையல் மணம் குமட்டினால் உணவை ஆறவைத்துக் கொடுப்பது நலம். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கொதித்தாறிய நீரும் அப்போது சமைத்த உணவுமே தக்கன. நம்மூர்ச் சட்டித் தயிரையும் பச்சைக் காய்களையும் அந்நாட்களில் வைத்தியரைக் கேட்டே கொடுத்தல் வேண்டும். ஊரார் கொண்டுவரும் மூலிகைக் குடிநீர்க்கும் அவ்விதியே. சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கக்கூடியன.

வாய்க்கும் ஒரு சொல். ஒரு குவளை இளஞ்சூட்டு நீரிற் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதிற் பாதி உப்பும் கரைத்து, நாளிற் பலமுறை கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணின் வேதனை தணியும். மெல்லிய தும்புடைய தூரிகையே பல் விளக்க ஏற்றது. கதிர்ச் சிகிச்சை பெற்றவர்க்குத் தாடை இறுகிப்போவதுண்டு. வைத்தியர் காட்டும் வாய்திறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தல் வேண்டும். கதிர் பட்ட தோலிலே சுடுநீரும் மாப்பூச்சும் ஆகா. பழஞ்சேலையின் மென்மையான பருத்தித் துணி போதும். மருந்தேற்றும் காலத்திற் காய்ச்சல் முப்பத்தெட்டுப் பாகைக்கு ஏறினால், விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்தியசாலைக்கு ஏகுதல் வேண்டும். இவை சிறியன, ஆனால் மருந்து பலிப்பதும் பலியாததும் இவற்றிலேயும் தங்கியிருக்கின்றது.

"வருத்தக்காரன் படுத்தே கிடக்க வேண்டும்" என்பது இன்னொரு நம்பிக்கை. இந்நோயில் வரும் களைப்பு உறங்கித் தீர்வதன்று. கிழமையிற் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் மிதமாக உடலை இயக்கினால் களைப்பும் மனக்கலக்கமும் குறையும் என்று 2019 இல் வெளியான பன்னாட்டு அறிஞர் குழுவின் பரிந்துரை கூறுகின்றது. தமக்கையார் முதலிற் படலை வரை நடந்தார். பின்பு மருதமரம் வரை. பின்பு ஆற்றங்கரை வரை. நடந்த நாளின் இரவில் நித்திரை தானே வந்தது.

இனிச் சொல்ல நாணுவது ஒன்றுண்டு. எங்கள் வீட்டிலும் அவருக்கென்று ஒரு தட்டும் ஒரு குவளையும் தனியாயின. யார் வைத்தார், எப்போது வைத்தார் என்று ஒருவரும் சொல்லார். புற்றுநோய் தொற்றுநோயன்று, ஒரு குவளையிற் குடித்தலால், ஒரு பாயில் இருத்தலால் அது பரவாது. பேரப்பிள்ளையை மடியில் இருத்த மறுக்கப்பட்ட பாட்டியின் நோவுக்கு எந்த வைத்தியசாலையிலும் மருந்து இல்லை.

பார்க்க வருவோரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூட்டமாய் வந்து, கட்டிலைச் சூழ்ந்து நின்று, இதே வருத்தத்தில் இறந்தவர் பெயர்களை எண்ணிச் சொல்லிப் போவது நம்மூர் அனுதாபம். அதனினும், ஒருவர் வந்து கால்மணி நேரம் இருந்து வயற்செய்தி பேசிப் போவது நன்று. சித்திரவேலாயுத சுவாமிக்கு நேர்த்தி வைப்பதை யான் குறைகூறேன், யானும் வைத்தேன். ஆனால் திருவிழா முடியட்டும் என்று மருந்தேற்றும் நாளைத் தள்ளிவைக்குமாறு முருகன் கேட்டானல்லன்.

நோவைப் பொறுப்பதும் நம்மிடையே பெருமையாகி விட்டது. பொறுக்கத் தேவையில்லாத நோவைப் பொறுப்பதிற் பெருமை யாது? புற்றுநோயின் வலியைத் தணிக்கும் படிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே வகுத்து வெளியிட்டது. தாதியாயிருந்து பின் வைத்தியரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967 இல் இலண்டனில் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம், வலி என்பது உடலுக்கு மட்டும் உரியதன்று, மனத்துக்கும் குடும்பத்துக்கும் உரியது என்று உலகுக்குக் கற்பித்தது. கேரளத்துக் கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய வலிதணிப்பு நிலையம், அயலவரையே பயிற்றி வீடுதோறும் அனுப்பும் இயக்கமாக வளர்ந்தது. வள்ளுவரின் நாலாம் கூற்றை அவர்கள் நாட்டு வழக்காக்கி விட்டனர்.

"இவையெல்லாம் நோயைத் தீர்க்குமோ?" என்று வினவுவார் உளர். தீர்க்கா. தீர்ப்பது கத்தியும் கதிரும் மருந்தும். ஆனால் உண்டு, உறங்கி, மனந்தேறி இருப்பவரே சிகிச்சையை இடைநிறுத்தாது முடிக்கின்றனர். தீராத நோயாயினும், எஞ்சிய நாட்களும் வாழும் நாட்களே. அவற்றை வெறுங் காத்திருப்பாக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

வருமுன் காத்தலையும் இங்கே விடுதல் ஆகாது. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காண்பது வாய்ப்புற்று. பாக்கே புற்றுநோயை விளைப்பது, புகையிலை சேராவிடினும் விளைப்பது என்று புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகவரகம் 2004 இல் வெளியிட்டது. வெற்றிலைத் தட்டை மங்கலம் என்று போற்றும் மரபில் வந்தவன் யான். இதை எழுதுவது எனக்கு எளிதன்று. தட்டு சபையில் இருக்கட்டும். வாய்க்குப் போக வேண்டியதில்லை. ஆறாத புண்ணோ வெண்படலமோ வாயிற் கண்டால் இரண்டு கிழமைக்கு மேற் காத்திராது காட்டுதல் வேண்டும்.

ஒரு காலம் இருந்தது. வெருகலாற்றைக் கடக்கப் பாதையை நம்பியிருந்தோம். வெள்ளம் வந்தால் நோயாளி கரையிலே கிடப்பார். இன்று பாலம் இருக்கின்றது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிற் புற்றுநோய்ப் பிரிவு இருக்கின்றது. தெல்லிப்பழையில் 2013 இல் ஒரு வைத்தியசாலை எழுந்தது. அதற்கு நிதி திரட்ட 2011 இல் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை இருபத்தேழு நாள், 670 கிலோமீற்றர் நடந்தனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த நடை அது. தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு நடந்தவர்கள் இருக்க, அடுத்த வீட்டு முற்றத்துக்கு நாம் நடக்கமாட்டோமா? நம் பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர், வாரத்தில் ஒரு நாள் ஊரிலுள்ள நோயாளர் ஒருவருக்குப் பத்திரிகை படித்துக் காட்டினால், அது எந்தப் பரீட்சையிலும் கேட்கப்படாத பாடமாயினும் பாடமே.

தமக்கையார் இன்று எங்களோடு இருக்கின்றார். குறித்த நாளிற் கிளினிக்குக்குப் போய்வருகின்றார். நாளை எவ்வாறோ யான் அறியேன். வைத்தியரும் உறுதி சொல்லார். மாலையில் ஆற்றங்கரை வரை நடந்து திரும்பி, எல்லாரும் குடிக்கும் குவளையிலே தேத்தண்ணீர் குடிக்கின்றார். தனிக் குவளையை மருமகள் எடுத்துப்போட்ட நாளை அவர் நினைவில் வைத்திருக்கின்றார். மருந்து தொடங்கிய நாளை மறந்துவிட்டார்.

ஆசிரிய நண்பர்களே, இனி அந்த அதிகாரத்தைப் பாடஞ் சொல்லும்போது, நாலாமவனிடத்தில் சற்றே நின்று சொல்லுங்கள்.