ஏழு கோல்களும் ஒரு திரைப்படமும்

1982 டிசம்பர் 1 அன்று தில்லி தேசிய விளையாட்டரங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் ஹாக்கி இறுதி ஆட்டம் நடைபெற்றது. இந்தியா 1–7 என்ற கோல் கணக்கில் பாகிஸ்தானிடம் தோற்றது. தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியதும், தேசிய ஒளிபரப்பாக விரிந்ததும் அதே ஆண்டில்தான். தோல்வி வீடுவரை வந்து சேர்ந்தது. அதற்குப் பொறுப்பாக்க ஒரு முகமும் கிடைத்தது. கோல்காப்பாளர் மீர் ரஞ்சன் நேகி, பணம் பெற்றுக்கொண்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்ற பழிச்சொல்லுக்கு ஆளானார்.

இன்றைய மாணவரிடம் இவ்வாட்டத்தைப் பற்றிப் பேசினால், அவர் நினைவில் எழுவது பெரும்பாலும் 2007இல் வெளிவந்த ‘சக் தே! இந்தியா’ திரைப்படமே. அப்படத்தின் நடிகையருக்கு ஹாக்கிப் பயிற்சி அளித்தவர் நேகி என்பதும் இவ்விணைப்பை வலுப்படுத்துகிறது. ஆனால் படத்தில் வரும் கபீர் கான் கற்பனைப் பாத்திரம். அவர் கோல்காப்பாளரும் அல்லர்; இறுதி நேரத்தில் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிட்டதற்காகத் துரோகி எனப்படுபவர். பின்னர் பயிற்சியாளராகத் திரும்பி வந்து தம் பெயரை மீட்கிறார்.

திரைக்கதைக்கு ஒரு மனிதரும் ஒரு கணமும் தேவை. அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ஆயினும் 1982இல் எழுந்த பழியும் 2007இல் வந்த மீட்சியும் ஒரே சட்டகத்துக்குள் நிற்பதை நாம் கவனிக்க வேண்டும். ஓர் ஆட்டத்தின் முடிவு ஒரு தனிமனிதரின் நேர்மையைப் பொறுத்தது என்பதே அச்சட்டகம். ஏழு கோல்கள் அவ்வாறு விழுவதில்லை. பந்து எங்கே பறிபோனது, தற்காப்பு வரிசை எங்கே பிளந்தது, கோல்காப்பாளர் எத்தனை முறை தனித்து விடப்பட்டார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லத்தக்க சான்று ஆட்டத்தின் முழுமையான ஒளிப்பதிவு ஒன்றே. ஒருவரின் மானம் சார்ந்த வழக்கில் சாட்சியை விட்டுவிட்டுக் கதையை மட்டும் கேட்பது ஆய்வாளருக்கு அழகன்று.

சாட்சியே இல்லாத ஆட்டங்களும் உண்டு. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் இந்தியா 17 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, கபில் தேவ் ஆட்டமிழக்காமல் 175 ஓட்டங்கள் எடுத்தார். மைதானத்தில் தொலைக்காட்சிக் கேமரா இல்லை. 2021இல் வெளிவந்த ‘83’ திரைப்படம் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. இனி வரும் தலைமுறைக்கு அந்த நடிப்பே அந்த ஆட்டமாகிவிடும். டன்பிரிட்ஜ் வெல்ஸில் வேறு வழியில்லை. தில்லி ஆட்டத்துக்கு அதே கதி நேர வேண்டியதில்லை.

அமெரிக்கக் கால்பந்தின் வரலாறு இங்கே ஒப்பிடத்தக்கது. 1967 ஜனவரி 15 அன்று நடந்த முதல் சூப்பர் பவுல் ஆட்டத்தை இரு தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளிபரப்பின. இரண்டுமே முழுப் பதிவைக் காக்கவில்லை. ஒளிநாடா விலையுயர்ந்திருந்த அக்காலத்தில் பழைய பதிவை அழித்து மீண்டும் பயன்படுத்துவது பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. ஆனால் 1962இல் எட் சேபல் தொடங்கிய நிறுவனம், பின்னர் என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் என அந்த லீக்கின் அங்கமாகி, ஆட்டங்களைப் படச்சுருளில் பதிந்து வைத்தது. அச்சுருள்களைக் கொண்டே 2016இல் அந்த முதல் ஆட்டம் மறுகட்டமைக்கப்பட்டு ஒளிபரப்பாயிற்று. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: அந்த நினைவின் உரிமையாளர் லீக்தான். அது தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறதோ அப்படியே வரலாறும் காட்சியளிக்கும்.

நம் நிலை வேறு. தூர்தர்ஷனின் பதிவுகளும், 1948இல் நிறுவப்பட்ட பிலிம்ஸ் டிவிஷனின் செய்திச்சுருள்களும் பொதுப்பணத்தில் உருவானவை. பிலிம்ஸ் டிவிஷனும் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டபோது, பொது ஆவணங்களின் எதிர்காலம் குறித்துத் திரைத்துறையினர் பலர் கவலை தெரிவித்தது இக்காரணத்தால்தான். பிரசார் பாரதி பழைய நிகழ்ச்சிகள் சிலவற்றை இணையத்தில் வெளியிடுவது வரவேற்கத்தக்கது. எனினும் தேர்ந்தெடுத்த துண்டுகள் வேறு, காப்பகம் வேறு. தேர்ந்தெடுப்பவர் எதை விட்டார் என்பதை அறியாதவரை துண்டுகளைக் கொண்டு வரலாறு எழுத இயலாது.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. எந்த ஒளிநாடா எங்கே, எந்நிலையில் உள்ளது என்னும் முழுப் பட்டியல் வெளியிடப்பட வேண்டும். அழிந்தவை அழிந்தன என்றே அதில் பதியப்பட வேண்டும். காந்த நாடாக்கள் சிதையுமுன், அவற்றை இயக்கும் பழைய கருவிகள் பழுதாகுமுன், எஞ்சியவை எண்முறைக்கு மாற்றப்பட வேண்டும். ஆய்வாளரும் மாணவரும் வணிகக் கட்டணமின்றி அவற்றைப் பார்க்க வழி வேண்டும்.

தேசிய விளையாட்டரங்கிலிருந்து மண்டி ஹவுஸில் உள்ள தூர்தர்ஷன் பவன் நடந்தே போகும் தூரம். தில்லியில் விளையாட்டையும் ஊடகத்தையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டோர் இக்கோரிக்கையை எழுத்து வடிவில் முன்வைத்தால், முதல் கையொப்பங்களுள் ஒன்றாக என்னுடையதும் இருக்கும்.