கொழும்புக்கு எந்த வழியால் போவது?



பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. இனி நமது தெருக்களில் இரவு பத்து மணிக்கு வேன்கள் வந்து நிற்கும். தலையணை, தண்ணீர்ப் போத்தல், பார்சல் சோறு எல்லாம் ஏறும். வழியனுப்ப வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்விகள்: “எந்த வழியால் போறீங்க? எத்தனை மணித்தியாலம் எடுக்கும்?” இரண்டாவது கேள்விக்குக் குறைந்த விடை தரும் வழியே நல்ல வழி என்று நாம் முடிவெடுத்து விடுகிறோம். அந்த முடிவோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு மூன்று பிரதான வழிகள் உள்ளன.

முதலாவது, அம்பாறை, உகணை, மகாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை, கண்டி வழி. தூரம் குறைவு என்பதால் அதிகம் பேர் போவது இதில்தான். ஆனால் மஹியங்கனை தாண்டியதும் பதினெட்டு வளைவு ஏற்றம் இருக்கிறது. பகலில் பார்க்க அழகான இடம். நடுநிசியில், மூடுபனியில், அரைத் தூக்கத்தில் இருக்கும் சாரதிக்கு அது வேறு இடம். திரும்பி வரும்போது அதே வளைவுகளில் இறங்க வேண்டும். பாரம் ஏற்றிய வேனை பிரேக்கை மட்டும் நம்பி இறக்குகிறவர்களும் உண்டு. இறக்கத்தில் கியரைக் குறைத்துத்தான் வர வேண்டும் என்பது பழகிய சாரதிக்குத் தெரியும். நாம் பிடித்த சாரதிக்கு அந்தப் பாதை பழக்கமா என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

இரண்டாவது, மட்டக்களப்பு, வெலிகந்தை, மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழி. பெரும்பாலும் சமதரை. குருநாகலிலிருந்து மீரிகம வரை 2022இல் திறந்த அதிவேகப் பாதையும் உண்டு. ஆனால் புனானை, வெலிகந்தைப் பக்கமும், மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையிலும் யானை வீதிக்கு வரும். கறுத்த வீதியில் கறுத்த யானை, ஹெட் லைட் வெளிச்சத்தில் பட்ட பிறகு பிரேக் போட இடமிருக்காது.

மூன்றாவது, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தனமல்வில வழியாக மத்தளைக்குப் போய் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறுவது. மூன்றிலும் நீளமானது இதுதான். 2020இல் மத்தளை வரை பாதை திறந்த பிறகு இந்த வழியும் ஓரளவு வசதியாகிவிட்டது. மலை வளைவு இல்லை, கண்டி நெரிசல் இல்லை. ஆனால் கட்டணமும் எரிபொருளும் கூடும். மத்தளைக்கு முந்திய காட்டுப் பகுதிகளில் இங்கேயும் யானை உண்டு. 100 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓடும்போது தூக்கம் வருவதும் இலகு.

அப்படியானால் எது நல்ல வழி? எங்கள் கருத்து இதுதான்: வழியைத் தெரிவு செய்வதற்கு முன் நேரத்தைத் தெரிவு செய்யுங்கள். பகலில் போனால் மூன்றுமே நல்ல வழிகள்தான். இரவில் போனால் மூன்றிலும் ஆபத்து இருக்கிறது.

அண்மைய ஆண்டுகளில் நாடே அழுத மூன்று விபத்துகளை எடுத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் மன்னம்பிட்டியில், நமது பக்கம் வந்துகொண்டிருந்த பஸ் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்தது. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லையில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ்ஸில் 15 பேர் போனார்கள். ஒன்று சமதரை, மற்ற இரண்டும் மலை. காரணங்களும் ஒன்றல்ல. ஆனால் மூன்றும் நடந்தது இருட்டில். ஒன்று மாலை இருண்ட பிறகு, ஒன்று விடியுமுன், ஒன்று இரவு.

“காலையில் மஹரகமையில் கிளினிக், பத்தரமுல்லையில் பாஸ்போட், இரவில் போகாமல் என்ன செய்வது? தங்க லொட்ஜுக்குக் காசு யார் தருவது?” என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. கூலி வேலை செய்கிற குடும்பத்துக்கு ஒரு நாள் சம்பளம் சின்ன விஷயமல்ல. இதை வசதியுள்ளவர்களின் அறிவுரையாக யாரும் எடுக்க வேண்டாம். அதனால்தான் இதை ஊராகப் பேச வேண்டும் என்கிறோம். கிளினிக் போகும் நோயாளிகள் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே வேனில் முதல் நாள் சுபஹுக்குப் பிறகு புறப்படலாம். கொழும்பில் நமது ஊரவர் எத்தனையோ பேர் தொழில் செய்கிறார்கள். ஏழை நோயாளி ஓர் இரவு தங்க இடம் ஒழுங்கு செய்வது அவர்களால் முடியாத காரியமல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதை முன்னின்று செய்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இரவில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், இவற்றையாவது பாருங்கள்:

ஒன்று, சாரதி அன்று பகல் தூங்கினாரா என்று கேளுங்கள். பகல் முழுக்க ஹயர் ஓடிவிட்டு வந்தவரிடம் நமது உம்மாவையும் பிள்ளைகளையும் ஒப்படைக்கக் கூடாது.

இரண்டு, மலை வழியை விட்டுவிடுங்கள். ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பரவாயில்லை.

மூன்று, முன் சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி சாரதிக்குத் தேத்தண்ணி கொடுங்கள். “கொஞ்சம் ஏறிப் போங்க தம்பி” என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தாதீர்கள்.

நான்கு, கார்த்திகை, மார்கழி மழையில் புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகப் பாதைகள் மண்சரிவால் மூடியதை எல்லோரும் பார்த்தோம். போனில் உள்ள மேப் நிமிடத்தைக் காட்டும். யானையையும் மூடுபனியையும் சாரதியின் கண்ணையும் அது காட்டாது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாடசாலைச் சுற்றுலா என்றால் கண்டி, நுவரெலியா, கொழும்பு, காலி எல்லாம் இரண்டு நாளில் காட்ட வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதற்கு பஸ் இரவெல்லாம் ஓட வேண்டும். ஆசிரியர்களான நாங்கள் சொல்வது, பிள்ளை நான்கு ஊரைத் தூக்கத்தில் கடப்பதைவிட ஓர் ஊரைக் கண் திறந்து பார்ப்பது மேல். இடங்களைக் குறைக்கச் சொல்லும் ஆசிரியரோடு கோபிக்காதீர்கள். பிள்ளையை முழுசாக உங்கள் கையில் திருப்பித் தர வேண்டியவர் அவர்தான்.

பயண துஆவை நாம் மறப்பதில்லை. அதை ஓதிவிட்டு, சாரதியின் கண்களையும் ஒருமுறை பாருங்கள்.

இந்த விடுமுறையில் புறப்படும் குடும்பங்களுக்கு இதை எத்திவையுங்கள். வேன் ஓட்டும் தம்பிமாரும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். பாதையை நம் எல்லோரையும் விட அறிந்தவர்கள் நீங்கள்தான்.