கோடைக்கானலும் குழந்தைப் படிப்பும்

கோடை விடுமுறை வந்ததும் கையில் கொஞ்சம் காசுள்ள தோழர்கள் பிள்ளை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கோடைக்கானலுக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. கூட்டம் தாங்காமல் 2024 மே மாதம் முதல் வண்டிக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமென்று ஐகோர்ட்டே உத்தரவு போடும்படியாயிற்று. போகிறவர்கள் அங்கு செய்வதென்ன? ஏரியில் படகு, கரையில் குதிரைச் சவாரி, கடையில் சாக்லேட்டு, தூண்பாறைக்கு எதிரில் நின்று ஒரு படம். இவ்வளவுதான். திரும்பி வந்து, "பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டிவிட்டு வந்தோம்" என்கின்றார்கள். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அங்கு பார்த்த மரத்தில் ஒன்றின் பெயரைச் சொல் என்றால் விழிக்கும். மழையில்லாத மாதத்திலும் மலை ஓடையில் தண்ணீர் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்றால் தகப்பனாரும் சேர்ந்து விழிப்பார். ஆனால் பரீட்சைக் காகிதத்தில் காடுகளின் பயன்கள் யாவை என்று கேட்டால் அதே பிள்ளை பத்துப் பயன்களை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடும். இதற்குப் பெயர் படிப்பாம்!

இதே மலையில் வேறு விதமான படிப்பு ஒன்று நடந்ததென்பது நம் ஜனங்களில் அநேகருக்குத் தெரியாது. இத்தாலி தேசத்து டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறு பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பின்மேல் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னைக்கு வந்தார். (அழைத்தவர்கள் யார் என்பதைப்பற்றி நமக்குக் கவலையில்லை. அந்தச் சங்கத்தார் பேசும் பூர்வ ஜென்மக் கதைகள் வேறு. இந்தக் காரியம் வேறு.) 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அம்மையாரும் அவருடைய மகன் மாரியோவும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மகனைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அம்மையாருக்கு 70 வயது நிறைந்த 1940 ஆகஸ்டு 31-ந் தேதியன்று மகன் விடுதலையானார். பிறகு 1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் வசித்தார்கள். அங்கே பல வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சிறு பள்ளி நடத்தினார்கள். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே அம்மையாரும் கூட இருந்து வேலை செய்தார்.

அந்தப் பள்ளியில் பாடம் எங்கிருந்து வந்தது என்றால், சன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. பிள்ளைகள் வெளியே போய் இலையும் செடியும் பாசியும் பூச்சியும் கொண்டு வந்தார்கள். எதற்கு எது உறவு, எதில் எது வேறு என்று பிரித்து அடுக்கினார்கள். செடி நூலும் பிராணி நூலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டாது என்று நினைத்திருந்தது போக, கையில் பொருளைக் கொடுத்தால் அந்த வயதிலேயே எட்டும் என்று கண்டார்கள். சூரியன், பூமி, தண்ணீர், செடி, பிராணி, மனிதன் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைப் பிள்ளைக்கு ஒரே தொடர்கதையாகச் சொல்லவேண்டும் என்னும் திட்டம் இந்த மலையில்தான் உருப்பெற்றது. அதற்கு அண்டக் கல்வி என்று ஒரு பெரிய பெயர் வைத்தார்கள். பெயரைக் கேட்டு இதிலும் ஏதோ வேதாந்தம் இருக்கிறதென்று யாரும் மிரள வேண்டியதில்லை. பிள்ளை ஒரு பாசியைக் கையில் எடுத்து, இது கல்லில் எப்படி ஒட்டிக்கொண்டு பிழைக்கிறது என்று கேட்டால் அதுவே அக்கல்வியின் முதல் பாடம்.

அம்மையாரின் முறை பணக்காரர்களுக்காக ஏற்பட்டதா? இல்லவே இல்லை. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பேட்டையில் 1907 ஜனவரி 6-ந் தேதி முதல் பள்ளியைத் திறந்தார். தாய் தகப்பன் வேலைக்குப் போனபிறகு பிள்ளைகள் சுவரைப் பாழாக்குகின்றன என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் முறையிட்டதன் பேரில் அவர்களை ஒரு இடத்தில் அடக்கி வைக்க ஏற்பட்ட ஏற்பாடு அது! அப்பேர்ப்பட்ட பிள்ளைகளுக்கு அவர்கள் உயரத்துக்கேற்ற நாற்காலியும், கைக்கெட்டும் அலமாரியும் செய்துவைத்து, பிரம்பையும் பரிசையும் ஒருங்கே ஒழித்துவிட்டு, உபாத்தியாயரைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கச் சொன்னார். இன்று நம் ஊர்களில் மாண்டிசோரி என்று பலகை மாட்டியிருக்கும் பள்ளிக்கூடங்களின் சம்பளத்தைக் கேட்டால் சான் லொரென்சோத் தொழிலாளி வாசற்படியில் கால் வைக்க முடியுமா? ஏழைக்குப் பிறந்த முறை பணக்காரன் வீட்டுக்குத் தத்துப்போன கதைதான் இது.

ஏழைப் பிள்ளைக்கு இது ஆகாது என்பதும் பொய். 2003-ல் சென்னை நகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கி, சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் கொண்டுபோனார்கள். பிள்ளைக்கெட்டும் தாழ்ந்த கரும்பலகை, கையில் அட்டை, தரையில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படிப்பு. விரலால் எழுத்தைத் தடவிப் பழகுவது நமக்கு மட்டும் புதிதா? திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியவர்கள்தானே நாம். ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் அதைச் சென்னையில் கண்டு 1797-ல் புத்தகம் எழுதி இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். மணலை நாம் விட்டுவிட்டோம். அந்தத் திண்ணையிலிருந்த பிரம்பை விடவில்லை. இன்னாருக்குத் திண்ணையில் இடமில்லை என்ற புத்தியையும் முழுவதும் விட்டபாடில்லை.

நிற்க. இயற்கைக் கல்வி என்று சொல்லும்போது ஒரு மோசத்தைப்பற்றி நாம் எச்சரிக்காமல் இருக்க முடியாது. 1953-ல் தோழர் இராஜகோபாலாச்சாரியார் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோதும் இதே பாஷைதான் பேசப்பட்டது. ஏட்டுப்படிப்பு மட்டும் போதாது, கையும் பழகவேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் பிள்ளைக்கு எந்தத் தொழில் என்று பார்த்தால் சவரத் தொழிலாளி மகனுக்குக் கத்தி, வண்ணார் மகனுக்கு வெள்ளாவி, வக்கீல் மகனுக்கு வழக்கம்போல் புத்தகம்! நாடே எதிர்த்து, 1954-ல் காமராசர் முதன் மந்திரியானதும் அது ஒழிந்தது. அப்படிப்பட்ட குலக்கல்வி இன்று பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் வராது என்று யார் ஜவாப்தாரி?

பழனி மலையில் பளியர் என்ற பழங்குடி மக்கள் இருக்கின்றார்கள். தேன் எங்கிருக்கும், எந்தக் கிழங்கு எந்தக் காலத்தில் விளையும், எந்த விலங்கு எப்பக்கம் போயிற்று என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பழக்கத்திலேயே வந்துவிடும். இதே மலையில் 1901-ல் அமெரிக்க மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி ஏற்பட்டு, இன்று கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி என்ற பெயரில் நடக்கின்றது. அங்கு மலையேற்றமும் காட்டில் கூடாரமடித்துத் தங்குவதும் படிப்பில் சேர்த்தி. மிக நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பணமுள்ள பிள்ளை காட்டுக்குப் போனால் அது கல்வி, பளியர் பிள்ளை காட்டுக்குப் போனால் அது பள்ளிக்கு வராத குற்றம் என்றால் இது என்ன நியாயம்? ஒரே காடு, ஒரே மரம், ஒரே தேன். ஒருவனுக்கு மார்க்கு, மற்றவனுக்கு ஆப்செண்டு!

அதற்காகப் பளியர் பிள்ளை காட்டிலேயே இருக்கட்டும், அதுவே அவனுக்கு இயற்கைக் கல்வி என்று யாராவது உருகினால் அவரை நம்பவேண்டாம். அந்தப் பிள்ளைக்குக் காடு குறைவில்லை. புத்தகம் குறைவு, சோதனைச்சாலை குறைவு, தன் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத உபாத்தியாயர் குறைவு. பட்டணத்துப் பிள்ளைக்குக் காடு குறைவு. இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ஒருவனிடத்திலிருந்து மற்றவன் கற்றுக்கொள்ளச் செய்யாத பள்ளிக்கு எத்தனை அழகான சிறிய நாற்காலி போட்டாலும் அது நாற்காலிக் கடையே தவிர பள்ளிக்கூடமல்ல.

இம்மலையைப் போன்ற பாடப்புத்தகம் வேறெங்கும் கிடைப்பது அரிது. சோலைக்காட்டு மண் மழைத் தண்ணீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. வடபுறத்தில் இறங்கும் தண்ணீர் சண்முகநதி வழியாக அமராவதிக்கும், தென்புறத்தில் இறங்குவது வைகைக்கும் போகின்றது. இரண்டு தகர டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, ஒன்றில் சோலை மண்ணும் மற்றொன்றில் தைலமரத்தடி மண்ணும் நிரப்பி, ஒரே அளவு தண்ணீரை ஊற்றிக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புல்வெளிகளில் சர்க்காரே சீகை மரமும் பைன் மரமும் நட்டு நிரப்பியதில் லாபமா நஷ்டமா என்பதைப் பிள்ளைகளே விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்றும், குள்ளர் வீடு என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கலேடு பாதிரியாரும் நியூட்டனும் அவற்றை அளந்து ஆராய்ந்து எழுதியதைத் தொல்பொருள் இலாகா 1928-ல் வெளியிட்டது. செத்தவர்களுக்காக எழுப்பிய கல் அது. பிள்ளையின் கையில் ஒரு அளவு நாடாவைக் கொடுத்து, பீமன் இதற்குள் எப்படிப் படுத்தான் என்று கணக்குப் போடச் சொன்னால் போதும். அதே மலையுச்சியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியப் பொட்டுகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை எவர்ஷெட் என்பவர் 1909-ல் அங்கே கண்டார். அந்த ஊர்ப் பிள்ளைக்கும் கிரகணத்தன்று பாம்பு விழுங்கும் கதையைத்தானே வீட்டில் சொல்லுகின்றோம்!

பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 2018-ல் பூத்தது. அதை மட்டும் காட்டிப் பிள்ளையை மயக்குவதும் நேர்மையல்ல. 2001-ல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையையும், அங்கு வேலை செய்த 591 தொழிலாளர்கள் தங்கள் உடம்புக்காகப் பல ஆண்டுகள் போராடி 2016-ல் கம்பெனியோடு உடன்பாட்டுக்கு வந்ததையும் அந்த வகுப்பிலேயே சொல்லவேண்டும். மண்ணும் இயற்கைதான், அதில் கலந்த பாதரசம் மனிதன் செய்தது.

ஆகையால் திண்டுக்கல் ஜில்லா அதிகாரிகளை நாம் கேட்பது சொற்பமே. பழனி, கொடைக்கானல் தாலுக்காக்களிலுள்ள ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் வாரத்தில் ஒரு நாள் வெளிப்படிப்புக்கென்று நேர அட்டவணையில் ஒதுக்கட்டும். அதற்கு வண்டிச் செலவைப் பெற்றோர் தலையில் கட்டாமல் சர்க்காரே கொடுக்கட்டும். காடு தெரிந்த பளியர் பெரியவர்களை அன்று ஒரு நாள் உபாத்தியாயராக வைத்து, உபாத்தியாயருக்குரிய கூலியை அவர்களுக்குக் கொடுக்கட்டும். கூலி என்றவுடன் நிதியில்லை என்று பதில் வரும். சுற்றுலா வண்டிகளிடம் வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதை அப்போது விசாரிக்கலாம்.